“விழுந்துட்டா என்ன பண்ணுவீங்க டீச்சர்?”: முற்றத்து விளையாட்டு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஊருக்கு வெளியே சின்னதாக ஒரு மழலையர் பள்ளி நடத்துகிறேன். இரண்டரை வயதிலிருந்து ஆறு வயது வரை முப்பத்தெட்டுப் பிள்ளைகள். வகுப்பறை இரண்டுதான், முற்றம்தான் பெரிசு. அதில் ஒரு கொய்யா மரம், இரண்டு வேம்பு, ஒரு மணல் தொட்டி, பழைய லாரி டயர்கள், செம்மண் மேடு. சேர்க்கைக்கு வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுவது கொய்யா மரம். அதில் எப்போதும் ஒரு பிள்ளை உட்கார்ந்திருக்கும். உடனே கேள்விகள் ஆரம்பிக்கும். வாசலில் நின்று பதில் சொல்லிச் சொல்லி அலுத்துப்போய், அவர்கள் கேட்டபடியே எழுதிவைத்துவிட்டேன்.

ரிஸ்க் எடுத்து விளையாடட்டும்னு சொல்றீங்களே, பிள்ளையை வேணும்னே ஆபத்துல விடறதா?

இல்லை. கிளை எவ்வளவு உயரம் என்பது பிள்ளையின் கண்ணுக்குத் தெரியும். இன்னொரு கிளை ஏறலாமா, இது போதுமா என்று அதுவே யோசிக்கும். அதே மரத்தில் உளுத்துப்போன கிளை இருப்பதோ, அடியில் செங்கல் துருத்திக்கொண்டிருப்பதோ, பொந்துக்குள் தேள் இருப்பதோ அதற்குத் தெரியாது. அப்படித் தெரியாதவற்றைக் காலை எட்டரைக்கே வந்து தேடி எடுத்துப் போடுவது என் வேலை. தெரிகிற விஷயத்தில் முடிவெடுப்பது பிள்ளையின் வேலை. கீழே வரும் பதில்கள் பலவற்றிலும் இந்தப் பங்கீடுதான் இருக்கும்.

நார்வேயைச் சேர்ந்த ஆய்வாளர் எல்லன் சான்ட்செட்டர், பிள்ளைகள் தாமாகத் தேடிப்போகும் இந்த மாதிரி விளையாட்டை 2007-ல் ஆறு வகையாகப் பிரித்தார்: உயரம், வேகம், கூரான கருவிகள், நீர் நெருப்பு போன்றவற்றின் பக்கம் போவது, கட்டிப்புரளுவது, பெரியவர் கண்ணில் படாமல் மறைவது. படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. மரம், ஊஞ்சல், பேனாக்கத்தி, வாய்க்கால், மல்லுக்கட்டு, கண்ணாமூச்சி. நான் வளர்ந்த தெருவில் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானத்துக்குள் ஆறும் நடந்து முடிந்துவிடும்.

எத்தனை வயசுல இருந்து விடலாம்?

நடக்க ஆரம்பித்த நாளிலிருந்து. ஒரு வயதுப் பிள்ளைக்கு வாசற்படியே மலைதான். மூன்று படியை ஏறி, திரும்பிப் பின்பக்கமாக இறங்கக் கற்றுக்கொள்வது அந்த வயதுக்குப் பெரிய சாகசம்.

வயதைவிட நான் கறாராகப் பார்ப்பது வேறு ஒன்று. தானாக ஏற முடியாத இடத்தில் பிள்ளையை யாரும் ஏற்றிவிடக் கூடாது. தானாக ஏறிய பிள்ளை பெரும்பாலும் தனக்கு இறங்கத் தெரிந்த உயரத்தோடு நின்றுவிடும். அப்பா தூக்கி உட்கார வைத்த பிள்ளைக்கு வந்த வழி தெரியாது, பிடி எங்கே என்றும் தெரியாது. போட்டோ எடுப்பதற்காகக் கிளையில் ஏற்றிவைக்கும் அப்பாக்களிடம்தான் நான் அதிகமாகச் சண்டை போட்டிருக்கிறேன்.

மண்ணுல விளையாடவா ஃபீஸ் கட்டறோம்? படிப்பு எப்ப?

போன வாரம் இரண்டு பேர் கொட்டாங்குச்சியால் வாளியில் மணல் நிரப்பினார்கள். ஒருத்தி எண்ணினால் பதினொன்று, இன்னொருத்தன் எண்ணினால் பதினாலு. ஒரே வாளி, ஒரே கொட்டாங்குச்சி. கால் மணி நேரம் சண்டை. கடைசியில் அவன் கொட்டாங்குச்சியை முழுசாக நிரப்பவில்லை என்று அவளே கண்டுபிடித்து, கையால் மட்டம் தட்டிக் காட்டினாள். அளவை என்கிற பாடத்தை நான் கரும்பலகையில் நடத்தியிருந்தால் இதில் பாதிகூடத் தேறியிருக்காது.

மத்திய அரசு 2022-ல் வெளியிட்ட அடிப்படை நிலைக் கலைத்திட்டம் மூன்றிலிருந்து எட்டு வயது வரை விளையாட்டைத்தான் கற்கும் வழியாக வைக்கிறது. எழுத்தும் எங்களிடம் உண்டு. ஆனால் கிளையில் தொங்கி, டயர் உருட்டி, தோளும் மணிக்கட்டும் வலுத்த பிள்ளைக்குப் பென்சில் பிடித்த பத்தாவது நிமிஷமே கை வலிக்காது.

ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் வெளியில விடணும்?

மூன்று, நான்கு வயதுப் பிள்ளைகள் நாளொன்றுக்கு 180 நிமிடமாவது உடலை அசைத்து இயங்க வேண்டும், அதில் 60 நிமிடமாவது மூச்சு வாங்க ஓடியாடுவதாக இருக்க வேண்டும் என்று உலக சுகாதார நிறுவனம் 2019-ல் சொன்னது. ஒரேயடியாக மூன்று மணி நேரம் வேண்டாம், துண்டு துண்டாகச் சேர்த்தாலே போதும்.

கண்ணுக்கும் இதில் லாபம் உண்டு. சீனாவின் குவாங்சோ நகரில் 12 பள்ளிகளில் ஒரு சோதனை நடந்தது. முதல் வகுப்புப் பிள்ளைகளில் ஒரு பாதிக்குத் தினமும் 40 நிமிடம் கூடுதலாக வெளிவகுப்பு. மூன்று வருடம் கழித்துப் பார்த்தால், வழக்கம்போல் இருந்த பள்ளிகளில் 39.5 சதவீதம் பேருக்குக் கிட்டப்பார்வை வந்திருந்தது, வெளியே போன பிள்ளைகளில் 30.4 சதவீதம். ஆய்வு 2015-ல் வெளியானது. யூகேஜியிலேயே கண்ணாடி போட்ட பிள்ளைகளைப் பார்க்கும்போது இந்த எண்கள் எனக்கு ஞாபகம் வரும்.

வெயில்ல கறுத்துடுவாளே?

கறுக்கட்டும். வெயிலில் நான் பார்ப்பது சூடு, தண்ணீர் இரண்டும்தான். மார்ச்சிலிருந்து ஜூன் வரை பத்து மணிக்கு மேல் நிழலை விட்டு யாரையும் விடுவதில்லை. இரும்புச் சறுக்கில் பிள்ளையை விடும் முன் உங்கள் புறங்கையை வைத்துப் பாருங்கள். உங்களுக்குச் சுட்டால் அதன் தொடை வெந்துவிடும். அரை மணிக்கு ஒரு தரம் தண்ணீர். தாகம் எடுத்தால் கேட்கும் என்று விட்டுவிடாதீர்கள், விளையாட்டு மும்முரத்தில் கேட்காது.

மண்ணுல பூச்சி, கிருமி எல்லாம் இருக்குமே?

இருக்கும். கொக்கிப்புழு மலம் கலந்த மண்ணில் இருந்து வெறும் காலின் தோல் வழியாகவே உள்ளே போகும். அதனால் திறந்தவெளியில் மலம் கழிக்கும் இடங்களில் செருப்பு கட்டாயம். எங்கள் மணல் தொட்டியைச் சாயங்காலம் தார்ப்பாய் போட்டு மூடிவிடுவோம், இல்லாவிட்டால் தெருப் பூனைகள் அதைக் கக்கூஸாக்கிவிடும். சாப்பிடும் முன் சோப்பு போட்டுக் கை கழுவுவது, நகம் வெட்டுவது, குடற்புழு மாத்திரை. பிப்ரவரி 10, ஆகஸ்ட் 10 இரண்டும் தேசியக் குடற்புழு நீக்க நாட்கள். ஒன்றிலிருந்து 19 வயது வரை அங்கன்வாடியிலும் பள்ளியிலும் இலவசமாகவே தருகிறார்கள்.

அதற்காக மண்ணே ஆகாது என்று ஒதுக்க வேண்டாம். பின்லாந்தில் சில குழந்தைக் காப்பகங்களின் முற்றத்தில் காட்டு மண்ணையும் புல்லையும் கொண்டுவந்து போட்டு, பிள்ளைகளை அதில் விளையாட விட்டார்கள். 28 நாளில் அவர்கள் தோலில் வாழும் நுண்ணுயிர்களின் வகை கூடியது, நோய் எதிர்ப்பு சம்பந்தப்பட்ட சில அளவுகளும் நல்ல பக்கமாக மாறின. 2020-ல் வந்த ஆய்வு.

மரத்துல இருந்து விழுந்துட்டா?

சில சமயம் விழத்தான் செய்யும். எவ்வளவு உயரத்திலிருந்து, எதன் மேல் என்பதுதான் முக்கியம். சிமெண்ட் தரையில் நாலடி மண்டையைப் பிளக்கும். 9 அங்குல ஆழத்துக்குப் பொலபொலவென்று மணல் இருந்தால் 4 அடி உயர விழுகை வரை தாங்கும் என்பது அமெரிக்க நுகர்வோர் பாதுகாப்பு ஆணையத்தின் கணக்கு. ஆகவே எங்கள் கொய்யாவில் நாலடிக் கிளை ஒன்றில் சிவப்புத் துணி கட்டியிருக்கிறது. அதற்கு மேல் போகக் கூடாது. கீழே ஒரு அடி ஆழத்துக்கு ஆற்று மணல். விலை கேட்டால் மயக்கம் வரும், ஆனாலும் எம் சாண்ட் போடவில்லை. அது தூசி பறக்கும், துகள் கூராக இருந்து கையைக் கீறும்.

எந்த மரம் என்பதும் முக்கியம். முருங்கையில் யாரையும் ஏற விடாதீர்கள். பார்க்கக் கிளை தடிமனாக இருக்கும், படக்கென்று முறியும். கொய்யாக் கிளை முறுக்கேறியது, வளைந்து கொடுக்கும், பட்டையும் வழுவழுப்பாக இருப்பதால் சட்டை மாட்டாது. ஆனால் மழை பெய்தால் அதே வழுவழுப்பு வழுக்கும். மழை நாளில் மரத்துக்கு விடுமுறை.

இவ்வளவு பார்த்தாலும் சில சமயம் கால் தவறும். நான்கடியிலிருந்து மணலில் விழுந்த பிள்ளைக்கு முழங்காலில் சிராய்ப்பும் கொஞ்சம் ரோஷமும் மிஞ்சும். மறுநாள் ஏறும்போது கால் எங்கே வைக்கக் கூடாது என்று அதற்குத் தெரிந்திருக்கும்.

“பார்த்து, பார்த்து”ன்னு சொல்றதும் தப்பா?

தப்பில்லை, பிரயோஜனம்தான் இல்லை. எதைப் பார்ப்பது என்று பிள்ளைக்குத் தெரியாது. சத்தம் வந்த திசையில் நம்மைத் திரும்பிப் பார்க்கும், அந்த நொடியில்தான் கால் வழுக்கும். “விழுந்துடுவே” என்பது இன்னும் மோசம்.

எங்கள் டீச்சர்கள் பழகியிருப்பது கேள்வி கேட்பது. “அடுத்த கால் எங்க வைக்கப் போறே?” “அந்தக் கிளை ஆடுதா பாரு.” “எப்படி இறங்குவே கண்ணு?” இல்லாவிட்டால் வாயை மூடிக்கொண்டு ரெண்டடி கிட்டே போய் நின்றுகொள்வோம். ஆனால் ரோடு, கரண்ட், தண்ணீர் மூன்றிலும் இந்த நாசூக்கெல்லாம் கிடையாது. கத்துவோம், பிடித்து இழுப்போம்.

சரி, கத்தி, சுத்தியல்கூடத் தர்றீங்களாமே?

நாலு வயசுக்கு மேல், ஒரு டீச்சருக்கு இரண்டு பிள்ளை என்ற கணக்கில், உட்கார்ந்த இடத்தில் மட்டும். முனை மழுங்கிய சின்னக் கத்தியால் வெண்டைக்காய் நறுக்குவார்கள். அரிவாள்மனை கிடையாது, அது பெரியவர் காலுக்கு அளவெடுத்தது. வாழைத்தார் வெட்டிய பிறகு கிடைக்கும் மரத்தைத் துண்டு போட்டு வைப்போம். அதில் ஆணி அடிக்கலாம். மெத்தென்று இருப்பதால் லேசாகத் தட்டினாலே இறங்கும், ஆணி தெறிக்காது. ஆணியை முதலில் துணி கவ்வும் கிளிப்பால் பிடித்துக்கொள்ளச் சொன்னால் விரல் நசுங்காது.

நெருப்பு கார்த்திகை அகல் வரைக்கும்தான். பருத்தி உடை, கட்டிய தலைமுடி, பக்கத்தில் ஒரு வாளித் தண்ணீர். பட்டாசைப் பிள்ளை கையில் தருவது வேறு கதை. அது எப்போது, எந்தப் பக்கம் வெடிக்கும் என்று நமக்கே தெரியாது. முதல் கேள்வியில் சொன்ன கண்ணுக்குத் தெரியாத ஆபத்து அது.

இவங்க கட்டிப்புரண்டு சண்டை போடறாங்க, நீங்க பார்த்துட்டு நிக்கறீங்க!

முகத்தைப் பாருங்கள். விளையாட்டென்றால் சிரிப்பு இருக்கும், கை பொத்திக் குத்தாது, கீழே கிடந்தவன் அடுத்த தடவை மேலே இருப்பான், முடிந்ததும் இரண்டு பேரும் சேர்ந்தே ஓடுவார்கள். நிஜச் சண்டையில் புருவம் நெரியும், ஒருத்தனே கீழே கிடப்பான், விட்டதும் ஆளுக்கொரு பக்கம் போவார்கள். சந்தேகம் வந்தால் கீழே கிடப்பவனிடம் “இன்னும் வேணுமா?” என்று கேட்பேன். “போதும்” என்றால் அதோடு முடிந்தது. எங்கள் முற்றத்தில் அந்த ஒரு வார்த்தைக்கு மேல்முறையீடு இல்லை.

பிள்ளைத்தமிழில் ஆண் குழந்தைக்குச் சிற்றில் பருவம் என்று ஒன்று உண்டு. சிறுமிகள் மணலில் கட்டிய வீட்டைச் சிதைக்காதே என்று அவனிடம் கெஞ்சும் பருவம். மணல் வீடும் அதைக் காலால் எத்துவதும் எங்கள் தொட்டியில் புதிதாக ஆரம்பித்தவை இல்லை.

பொம்பளைப் பிள்ளை மரம் ஏறலாமா?

ஏறலாம். உள்ளே ஒரு கால்சட்டை போட்டு அனுப்புங்கள், அவ்வளவுதான். பெண்பால் பிள்ளைத்தமிழில் ஊசல் தனிப் பருவம், அதாவது ஊஞ்சல். சான்ட்செட்டர் பட்டியலில் அது வேகம். கொலுசு மட்டும் கழற்றிவிடுங்கள், பட்டையில் மாட்டும்.

பார்க்குல என்னென்ன பார்க்கணும்?

தரையும் கழுத்தும் முதலில். சறுக்கின் அடியில் சிமெண்ட் என்றால் வேறு பார்க்குக்குப் போங்கள். கழுத்துச் சங்கிலி, தாயத்துக் கயிறு, ஐடி கார்டு கயிறு, தொப்பி நாடா எல்லாவற்றையும் கழற்றிய பிறகுதான் ஏற விட வேண்டும். சறுக்கின் உச்சியில் கயிறு மாட்டி, உடம்பு கீழே போனால் தூக்குப் போட்ட மாதிரி ஆகிவிடும். சத்தமே வராது. அப்புறம் கம்பிகளுக்கு நடுவே இருக்கும் இடைவெளி. மூன்றரை அங்குலத்துக்கும் ஒன்பது அங்குலத்துக்கும் நடுவே இருந்தால் பிள்ளையின் உடம்பு நுழைந்து தலை மாட்டிக்கொள்ளலாம். டேப் இல்லையா, உங்கள் நான்கு விரலைச் சேர்த்து வைத்துப் பார்த்தால் உத்தேசமாகத் தெரியும்.

இன்னொன்று, பலர் பாசத்தில் செய்வது. பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு சறுக்காதீர்கள். அதன் செருப்பு ஓரத்தில் மாட்டி நின்றுவிடும், உங்கள் கனம் நிற்காமல் கீழே போகும், நடுவில் முறிவது அதன் கெண்டைக்கால் எலும்பு. தனியாகச் சறுக்கும் பிள்ளைக்கு இந்த முறிவு அரிது.

எங்க வீடு அப்பார்ட்மெண்ட். மண்ணே இல்லை. சாமானும் வாங்க முடியாது.

சாமான் வேண்டாம். டென்மார்க்கின் கோபன்ஹேகனில் சோரன்சன் என்ற நிலவடிவமைப்பாளர், தான் அழகாக அமைத்துத் தந்த பூங்காக்களை விட்டுவிட்டுப் பிள்ளைகள் கட்டட வேலை நடக்கும் இடத்தில் பலகையும் செங்கல்லுமாக விளையாடுவதைக் கவனித்தார். 1943-ல், ஜெர்மானியர் ஆக்கிரமித்திருந்த நேரத்தில், எம்ட்ரப் என்ற பகுதியில் அப்படியொரு பழைய சாமான் மைதானமே திறந்தார்கள். பிற்பாடு இங்கிலாந்து முழுக்கப் பரவிய சாகச மைதானங்களுக்கு அதுதான் விதை.

உங்களுக்கு அட்டைப்பெட்டி, பழைய புடவை, தென்னை மட்டை, கட்டடத்துக்குக் கீழே உள்ள கார் நிறுத்துமிடத்தின் ஒரு மூலை. ஞாயிற்றுக்கிழமை ஏதாவது ஒரு கண்மாய்க்கரை. டயர் கொண்டுவந்தால் அடியில் நாலு ஓட்டை போடுங்கள். தேங்கிய தண்ணீரில் டெங்கு கொசு முட்டையிடும்.

கண்மாய்ங்கறீங்க, தண்ணி பயமா இல்லையா?

இருக்கிறது. இந்தப் பக்கத்தில் நான் கொஞ்சமும் தளராத இடம் இதுதான். சின்னப் பிள்ளை அரை வாளித் தண்ணீரில் தலைகுப்புற விழுந்தாலே மூழ்கிவிடும், சத்தமும் வராது. திறந்த சம்ப், மூடாத கிணறு, தண்ணீர்த் தொட்டி எங்கிருந்தாலும் அங்கே பிள்ளையைத் தனியே விடக் கூடாது. கரையில் போனாலும் தண்ணீருக்குள் போனாலும் கை எட்டும் தூரத்தில் ஒரு பெரியவர், போன் பாக்கெட்டுக்குள்.

என் பிள்ளை ரொம்பப் பயப்படறான். தள்ளிவிட்டுப் பழக்கலாமா?

வேண்டாம். இரண்டாவது கேள்வியில் ஏற்றிவிடக் கூடாது என்று சொன்னதற்கும் இதற்கும் காரணம் ஒன்றுதான், அளவு அவன் கையில் இருக்க வேண்டும். சான்ட்செட்டரும் லைஃப் கென்னாயர் என்ற இன்னொரு ஆய்வாளரும் 2011-ல் எழுதியது இது: பிள்ளை தானே கொஞ்சம் கொஞ்சமாக உயரத்தையும் வேகத்தையும் சீண்டிப் பார்ப்பதே பயம் தெளியும் வழி.

எங்களிடம் ஒருவன் ஆறு வாரம் கொய்யா மரத்தடியில் நின்று மற்றவர்களுக்கு வழி சொல்லிக்கொண்டே இருந்தான். “அந்தக் கிளைல கால் வை, அது ஆடாது.” ஏழாவது வாரம் யாரும் பார்க்காத நேரத்தில் முதல் கவட்டையில் உட்கார்ந்திருந்தான். நானும் பார்க்காத மாதிரி போய்விட்டேன்.

அடிபட்டா உடனே என்ன செய்யணும்?

சிராய்ப்பென்றால் ஓடும் தண்ணீரும் சோப்பும். காப்பித்தூள், மஞ்சள், மண் எதுவும் வேண்டாம். டெட்டனஸ் பாதுகாப்புக்கு ஒன்றரை வயதை ஒட்டியும் ஐந்து, ஆறு வயதிலும் போடும் டிபிடி பூஸ்டர்கள் தடுப்பூசி அட்டையில் விட்டுப்போயிருக்கிறதா என்று பாருங்கள். நாய் கடித்தாலோ பிறாண்டினாலோ 15 நிமிடம் சோப்புத் தண்ணீரில் கழுவி, அன்றைக்கே ஆஸ்பத்திரி.

தலையில் அடிபட்டு, நினைவு தப்பினாலோ, திரும்பத் திரும்ப வாந்தி எடுத்தாலோ, எழுப்ப முடியாமல் தூங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, காது மூக்கில் நீர் வடிந்தாலோ யோசிக்காமல் 108. கை வீங்கி வளைந்திருந்தால் அட்டையும் துண்டும் வைத்து அசையாமல் கட்டிக் கூட்டிப் போங்கள். மாவுக்கட்டா புத்தூர்க் கட்டா என்ற விவாதம் அப்புறம், முதலில் எக்ஸ்ரே. பிள்ளைகளின் எலும்பு நுனியில் வளர்ச்சித் தட்டு உண்டு, எலும்பு நீள்வது அங்கிருந்துதான். அங்கே அடிபட்டிருப்பது தெரியாமல் நீவிவிட்டால் எலும்பு கோணலாக வளரலாம்.

கை உடைஞ்சா யார் பொறுப்பு? நேரா சொல்லுங்க.

நான்தான். ஒரு தடவை நடந்தும் இருக்கிறது. ஐந்து வயதுப் பையன் டயர் மேலிருந்து மணலில் குதித்தான், மணிக்கட்டில் முறிவு. ஆஸ்பத்திரியில் அவன் அப்பா கேட்டார், “நீங்க எங்க நின்னீங்க?” நான் நாலடி தள்ளித்தான் நின்றிருந்தேன், அதில் குறையில்லை. ஆனால் முந்தின இரண்டு நாளும் மழை. மணல் கெட்டிப்பட்டு மண்தரை மாதிரி ஆகியிருந்தது. நான் கிளறிவிடவில்லை. அவன் எடுத்த முடிவு சரி, என் பங்கு வேலையில்தான் ஓட்டை. அதை அவரிடம் அப்படியே சொன்னேன்.

அன்றிலிருந்து தினமும் காலையில் மண்வெட்டியால் கிளறி, நோட்டில் நேரம் எழுதிக் கையெழுத்துப் போடுகிறோம். எந்தப் பெற்றோரும் அந்த நோட்டைக் கேட்டு வாங்கிப் பார்க்கலாம்.

மத்தப் பிள்ளைங்க ஏறட்டும். எங்க பிள்ளையை மட்டும் விடாதீங்க, எழுதித் தர்றோம்.

எழுதித் தர வேண்டாம். வலிப்பு, எலும்புக் கோளாறு, சமீபத்தில் ஆப்பரேஷன் மாதிரி காரணம் இருந்தால் சொல்லுங்கள், டாக்டர் சொன்ன எல்லைக்குள் தரையிலேயே அந்தப் பிள்ளைக்கு ஏற்ற சவால் ஒன்றை ஏற்பாடு செய்வோம். வேறு காரணம் இல்லை, பயம்தான் என்றால், ஒரு மாதம் நீங்கள் சொல்கிறபடியே விடுகிறேன். அதற்குப் பதிலாக அந்த மாதத்தில் ஒரு நாள் காலை வந்து ஒரு மணி நேரம் முற்றத்தில் உட்கார வேண்டும், ஆனால் வாயைத் திறக்கக் கூடாது. பிறகும் வேண்டாமென்றால் வேண்டாம்தான். இதுவரை இரண்டு குடும்பங்கள் அப்படிச் சொல்லியிருக்கின்றன, அந்தப் பிள்ளைகள் மணல் தொட்டியோடு நிற்கிறார்கள்.

பெஞ்ச் பெரிய வேம்பின் அடியில் இருக்கிறது. ஒன்பதேகாலுக்கு முன்னால் வந்தால் நிழல் பக்கம் கிடைக்கும்.